சித்தி சொல்லிக்கொடுத்த மலையாளம்

என் பிரியமுள்ள ஸ்டெல்லா,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் நாலு மாதம் ஆகிறது. செத்துப்போனவளிடம் பொறாமைப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்றைக்கும் வயிறு எரிகிறதடி.

சித்திரபுரத்துக்கு மேலே இந்தத் தேயிலை எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உனக்கு முன்னாலேயே வந்தவள் நான். 'பெரிய டீச்சர்' என்று என்னைக் கண்டால் பையன்கள் கையைக் கட்டுவார்கள். நீ வந்து 'சின்ன டீச்சர்' ஆனாய். உன்னைக் கண்டால் ஓடி வந்தார்கள். கூடப்பிறந்தவளாக மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கே மாற்றல் கேட்டிருப்பேன்.

அதோடு விட்டாயா? சனிக்கிழமைதோறும் மலையாளப் பேப்பரை விரித்து அவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாய். எதற்கடி இது என்று சண்டைக்கு வந்தேன்.

"அக்கா, அணை கட்டியாச்சு, புது ஜில்லா வந்தாச்சு. சர்க்கார் கடுதாசி பூரா மலையாளத்துலதான் வருது. ஃபேக்டரில புது மெஷின் ஏறிட்டா பாதி ஆளு போதும்பான். இவனுவ அப்ப எங்க போவானுவ?"

"சொந்த ஊருக்குப் போவானுவ."

"ஊர்ல யாருக்கா இருக்கா?"

அந்த ஆத்திரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஏறி இறங்கி, சின்ன டீச்சர் பிள்ளைகளுக்குத் தமிழை மறக்கடிக்கிறாள் என்று தாய்மாரிடம் சொன்னேன். வகுப்பு நின்றது. சொன்னது நான்தான் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தும் பேசாமல் இருந்தாயா?

இப்போது சேதியைக் கேள். போன மாதம் உன் அத்தான் ஃபேக்டரியிலிருந்து ரிட்டையர் ஆனார். அப்பன் வேலையை விட்டால் மகன் பேரைச் செக்ரோல் சம்பளப் பட்டியலில் ஏற்றுவதுதானே இங்கே வழக்கம்? நம் ஜெயராஜுக்காக மானேஜருக்கு மனுவெல்லாம் எழுதி வைத்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து அவன் பேருக்கு ஒரு சர்க்கார் கவர் வந்தது, உன் மேல்விலாசத்தில்; நீ இல்லாததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். என் வயிற்றில் பிறந்தவன், எனக்குத் தெரியாமல், நீ இருக்கும்போதே உன் விலாசத்தைக் கொடுத்து எதற்கோ எழுதிப் போட்டிருக்கிறான்! பிரித்தால் எல்லாம் மலையாளம். இத்தனை வருடம் டீச்சராக இருந்தும் ஒரு வரி வாசிக்கத் தெரியவில்லை. கோபத்தில் கவரைப் பைபிளுக்குள் வைத்து மூடிவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவனே கேட்டான். "அம்மா, சித்தி விலாசத்துக்கு எதுவும் வந்துச்சா?"

எடுத்து நீட்டினேன். நின்ற நிலையில் மளமளவென்று வாசித்தான்.

"ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் படிப்பும்மா. நாளைக்கு நேர்ல வரணுமாம்."

"யாருல உனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தா?"

"சித்திதான். வகுப்பு நின்ன பொறவும் அவங்க வீட்டுல வச்சுச் சொல்லித் தந்தாங்க. நீங்க சத்தம் போடுவீங்கன்னு சொல்லல."

இன்னும் ஒரு நாள் மூடி வைத்திருந்தால்? மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் நானே அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஆபீஸர் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பையன் இப்படி வாசிக்கிறானே என்று அவருக்கு ஆச்சரியம். என்னைக் காட்டி, "அம்மயாணோ படிப்பிச்சது?" என்று கேட்டார். அம்மாதான் சொல்லிக்கொடுத்தாளா என்கிறார்; அந்த அளவு மலையாளம் எனக்கும் புரியும். ஜெயராஜ் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். "அதே, சார்" என்று ஆமாம் போட்டான்.

நான் மறுக்கவில்லை, ஸ்டெல்லா. உனக்குச் சேர வேண்டியதை அவன் தூக்கி எனக்குக் கொடுத்தான், நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அந்த நிமிஷம் அது எனக்கு இனிக்கவும் செய்தது. பஸ் மலை ஏற ஏறத்தான் அழுகை வந்தது.

இடம் கிடைத்துவிட்டது. அவன் ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அவனிடம் மலையாளம் படிக்கிறேன். வருகிற ஜூனில் சனிக்கிழமை வகுப்பைத் திறப்பேன். அதை ஆரம்பித்தவள் நீ, நிறுத்தியவள் நான் என்று முதல் நாளே பையன்களிடம் சொல்வேன். அவர்கள் உன்னைத்தான் கொண்டாடுவார்கள். வயிறு எரிய எரியச் சொல்வேன்.

உன் கூடப்பிறந்த அக்கா,
ரோஸி