தோன்றா எழுவாய்

ஜூன் 11, செவ்வாய்

குழாய் ரிப்பேர்க்காரர் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு மாலையில் வந்தார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா" என்றார். தானாக ஆயிற்றாம். இவர் ஆக்கவில்லையாம்.

தம்பி மகள் இன்றும் கல்லூரி விட்டு நேரே என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். முதலாம் ஆண்டிலிருந்து என் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். தெருவைப் பார்த்த அறை, மேசை, தனி விளக்கு எல்லாம் கொடுத்திருக்கிறேன். தங்கை வீட்டில் என்ன இருக்கிறது? கீழே அவளுடைய அழகு நிலையம். மேலே ஒன்றரை அறை. கால் வைத்த இடமெல்லாம் யார் முடியோ.

"பொடிசு" என்று இவளுக்குப் பெயர் வைத்ததும் தங்கைதான். மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு அஃறிணையில் ஒரு பெயர்! அதற்கு இவளும் "என்ன சின்ன அத்த" என்று குழைகிறாள். என்னிடம் மட்டும் "சொல்லுங்க அத்தை." நிமிர்ந்து நின்றுகொண்டு.

ஜூன் 14, வெள்ளி

மாலையில் வந்து என் கணவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் போன பிறகு யாரும் உட்காராத நாற்காலி. சொல்ல நினைத்தேன், விட்டுவிட்டேன்.

"அத்தை, லேப்ல... ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

"என்ன ஆயிற்று? யார் என்ன செய்தார்கள்? எழுவாய் எங்கே?" என்றேன். அச்சகத்தில் காலமெல்லாம் மெய்ப்புத் திருத்தியவள். பென்ஷன் வந்தாலும் பழக்கம் போகவில்லை.

சற்று நேரம் என்னையே பார்த்தாள். "ஒண்ணும் இல்ல அத்தை. கண்ணாடிக் குடுவை உடஞ்சிடுச்சு."

"உடைந்ததா, உடைத்தாயா?"

எழுந்து போய்விட்டாள். ஒரு குடுவைக்கு இவ்வளவு கோபமா? "உன்னிடம் பேசுவதற்கு முன்னால் எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அவர் கேலி செய்வார். கேலிதான் செய்தார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

வெட்டிவிட்டாள். இடுப்பைத் தொட்ட முடி. இப்போது கழுத்தோடு நிற்கிறது. தங்கையின் கைவேலை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் சீவிப் பின்னிவிடும் முடி. அந்த நேரத்தில்தான் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது சொல்வாள். முகம் பார்க்காவிட்டால் என்னிடமும் பேச்சு வரும். நேற்று தலைவலி என்று படுத்துக்கொண்டாள். இன்று இது.

தங்கைக்குப் போன் செய்தேன்.

"யாரக் கேட்டு வெட்டின?"

"தல யாருதோ அவளக் கேட்டுதான்."

"ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"முடி வெட்ட வர்றவங்கள ஏன் எதுக்குன்னு கேட்டா, நான் கடைய மூடிட்டு உங்கூட உக்காந்து இலக்கணம் படிக்க வேண்டியதுதான் அக்கா."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தது போல இருந்தது. எனக்கு வயிறு எரிகிறது. ஆமாம், எரியுது. கான்வென்ட்டில் நான் வகுப்புத் தலைவி. அவள் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருப்பாள். நான் பரிசோடு வீட்டுக்கு வந்தால் அப்பா "அலமாரில வை" என்பார். அவளைத்தான் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னிக்கு எந்த சிஸ்டர்கிட்டடீ அடி வாங்கின?" என்று ஆசையாகக் கேட்பார். அப்பா போயாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

அவள் அறையிலிருந்த பெரிய சீப்பை எடுத்து என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். எங்கே என்று கேட்கக்கூட இல்லை.

ஜூன் 21, வெள்ளி

காலையில் ஒரு போன். அவளுடைய துறைத் தலைவர். மரியாதையான குரல்.

"வீட்டுக்குப் பெரியவங்க நீங்கதானேம்மா? அந்தச் சம்பவத்தப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

எந்தச் சம்பவம் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது ஊரானுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வதா? "சொல்லுங்கள்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

"ஏதோ நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு புகார் வரைக்கும் போயிருச்சு. பையன் ஆராய்ச்சிய முடிக்கிற நேரம். ரெண்டு பக்கமும் பேர் கெடும் பாருங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா வாபஸ் வாங்கிடும்."

"யார் என்ன செய்தார்?"

"அதெல்லாம் வாயால சொல்லணுமாம்மா... கருவிகள் அறையில ஒரு தவறு நிகழ்ந்திடுச்சு."

சம்பவம் நடந்தது. தவறு நிகழ்ந்தது. பேர் கெடும். இத்தனை வாக்கியத்தில் ஓர் ஆள் கூட இல்லை. தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோம். எழுவாய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வினைமுற்று அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். 'இழுத்தான்' என்றாலே அவன் அங்கே நிற்பான். இந்த மனிதர் வினையையும் அல்லவா மாற்றிவிட்டார், ஆள் தப்பிக்கும்படி!

"யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

இதை எழுதக் கூசுகிறது. முதலில் என் நெஞ்சில் வந்தது அவளுக்கு என்ன ஆனதோ என்ற பயம் அல்ல. தங்கைக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை — அதுதான் வந்தது. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அழகு நிலையம். ஓர் அம்மாள் முகம் முழுக்கப் பசை பூசிக்கொண்டு கிடந்தாள். "கண்ணத் திறக்காதீங்க, வந்துடறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தங்கை என்னை மாடிக்கு அழைத்துப்போனாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முடி வெட்டின அன்னிக்கி. பின்னலத் தொட்டேன். ஒடம்பு அப்படியே தூக்கிப் போட்டுச்சு. நான் ஒண்ணும் கேக்கல அக்கா. கத்தரிக்கோல எடுத்தேன். பாதி வெட்டினப்போ அவளாத்தான் சொன்னா. அந்த ரிசர்ச் பண்றவன், கதவச் சாத்திட்டு, பின்னலப் பிடிச்சுதான்..."

அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது பொடிசு சொல்ல வேண்டியது, சொல்ல விரும்பினால்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தாளாமே. நீ எழுவாய் கேட்டியாம்."

தங்கை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். தப்பித்திருப்பேன்.

ஜூன் 22, சனி

அவள் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. என் வீடு, என் அறை, தெரியவில்லை.

"சார் உங்களுக்குப் போன் பண்ணாராமே. வாபஸ் வாங்கச் சொல்லப் போறீங்களா அத்தை?"

"இல்லை."

"உங்ககிட்ட சொல்லணும்னா சரியா சொல்லணும். அன்னிக்கு எனக்குச் சரியா வரல. எப்பிடி ஆரம்பிச்சாலும் நானே ஏதோ பண்ண மாதிரியே வந்துது. அதான்..."

"தப்பாவே சொல்லு" என்றேன்.

சொன்னாள். ஒரு வாக்கியமும் முடியவில்லை. காலம் மாறியது, இடம் மாறியது, சொன்னதையே திரும்பச் சொன்னாள். நான் எதையும் திருத்தவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். முடிந்ததும், "உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "சின்ன அத்தயும் இதேதான் சொன்னாங்க" என்றாள். அதிலும் தங்கைதான் முந்திக்கொண்டாள்.

பிறகு துறைத் தலைவருக்குப் போன். "யோசித்துவிட்டேன். புகார் அப்படியே இருக்கும். நீங்கள் என்னிடம் பேசியதையும் விசாரணைக் குழுவிடம் சொல்லப் போகிறேன்."

"அம்மா, அது சும்மா ஒரு பேச்சு வந்துது..."

"'ஒரு பேச்சு வந்தது' என்று சொல்ல மாட்டேன். 'துறைத் தலைவர் போன் செய்தார், வாபஸ் வாங்கச் சொன்னார்' என்று சொல்வேன்."

ஜூன் 27, வியாழன்

விசாரணைக் குழு செவ்வாயன்று கூடுகிறது. துணைக்கு ஒருவர் உள்ளே வரலாமாம்.

"சின்ன அத்த வரட்டுமா?" என்று என்னிடமே கேட்டாள்.

"வரட்டும்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவளுடைய சட்டையை இஸ்திரி போட்டேன். காலரை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

நீளமான தாழ்வாரம். சுவரோரம் பெஞ்சு. எதிரே நல்லொழுக்கம் பற்றி ஒரு பலகை. கதவுக்கு உள்ளே தங்கை, வெளியே நான். அப்பாவின் வீட்டில் இருந்தது போலவேதான், கட்டடம் மட்டும் வேறு. பள்ளியில் கதவுக்கு வெளியே முட்டி போட்டவள் அவள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

இடைவேளையில் தங்கை மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள். எனக்குக் கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

"கண்ணாடி போட்ட ஒருத்தர் 'சம்பவம் நடந்தபோது'ன்னே பேசிட்டிருந்தார் அக்கா. இவ கையத் தூக்கிட்டா. 'சம்பவம் நடக்கல சார். அவர் செஞ்சார். எழுவாயோட எழுதுங்க'ன்னா. அப்படியே உன் குரல்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் அவ கையப் பிடிச்சிட்டுதான் இருந்தேன், ஆனா உள்ள உக்காந்திருந்தது என்னவோ நீதான்."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

அவன் வளாகத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. போலீஸிலும் புகார் கொடுத்தாயிற்று, வழக்கு நடக்கும். நீளும் என்கிறார் வக்கீல். நீளட்டும். துறைத் தலைவரிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

மாலையில் கல்லூரி முற்றத்தில் பெண்கள் அட்டைகளோடு நின்றார்கள். பையன்களும் சிலர். 'நடந்தது என்று சொல்லாதே, செய்தான் என்று சொல்' என்று பெரிய எழுத்தில் ஒன்று. பொடிசு கையில் இருந்தது சின்ன அட்டை: 'தப்பாவே சொல்லு. கேட்க தயாராக இருக்கிறோம்.'

தங்கை என் விலாவில் இடித்தாள். "அக்கா, ஒத்து விட்டுப்போச்சு, பாத்தியா? கேட்கத் தயாராக. எனக்கே தெரியுது."

"தெரியும். வாயை மூடு."

சிவப்புப் பென்சில் பைக்குள்தான் இருந்தது. இருந்தது.

கலையும்போது பொடிசு ஓடிவந்து தங்கையைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். என்னிடம் வந்து, நிமிர்ந்து நின்று, "அட்ட நல்லாருந்துதா அத்தை?" என்றாள். "நன்றாக இருந்தது" என்றேன். அணைப்பு அவளுக்கு, மார்க் போடுவது எனக்கு. சரி.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் வந்து சீப்பு எங்கே என்று கேட்டாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கழுத்தளவு முடியில் சீவ என்ன இருக்கிறது? பின்ன என்ன இருக்கிறது?

"தொடட்டுமா?" என்று கேட்டேன். இத்தனை ஞாயிறுகளில் கேட்டதில்லை.

நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றாள்.

இதைத் தங்கையிடம் சொல்லப் போவதில்லை.