நகராத கப்பல்

ஜன. 12, திங்கள்
விடாத மழை. டேட்டா மறுபடி தீர்ந்தது. தம்பி வேலை செய்யும் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் கம்பனிப் பக்கத்தை அவன் மனைவி சுகந்தி ஓயாமல் திறக்கிறாள். அம்மாவும்தான். ஒவ்வொரு முறையும் பெரிய வரைபடம் முழுதாக இறங்குகிறது. ஏசவும் மனமில்லை. செங்கடலில் கப்பல்களுக்கு ஏவுகணை அடிக்கிறார்கள். நடுக்கடலில் அவனுக்குப் போனும் எடுபடாது.

பழைய கணினியில் சின்னதாக ஒரு புரொக்சி போட்டால் என்ன? ஒருவர் திறந்த பக்கத்தை அது வைத்திருந்து மற்றவருக்கும் கொடுக்கும்.

ஜன. 13, செவ்வாய்
போட்டாயிற்று. மூன்று போனும் வீட்டு வைஃபையில் இனி அதன் வழியாகத்தான். கம்பனிப் பக்கம் தன்னைச் சேமிக்க விடுவதில்லை. அதையும் மீறிச் சேமிக்க ஒரு வரி எழுதினேன். கெட்டித்தனம்தான்!
தேங்காய் வாங்க மறந்து அம்மாவிடம் ஏச்சு.

ஜன. 14, புதன்
மழை விட்டது. டேட்டா அப்படியே இருக்கிறது.
சுகந்தி: "கப்பல் நேற்று நிண்ட இடத்திலயே நிக்குது, அத்தான்."
"நங்கூரம் போட்டிருப்பாங்கள். நல்ல இடம் பார்த்துத்தான் நிக்கிறாங்கள். பயப்பிடாதையும்."
நாளைக்குப் பொங்க மனமில்லை என்றாள். நான்தான் வற்புறுத்தினேன்.

ஜன. 15, வியாழன்
பொங்கல். பானை கிழக்கே வழிந்தது, அம்மாவுக்கு நல்ல சந்தோசம். சுகந்தி புதுச் சேலை. கப்பல் அதே இடத்தில்.

ஜன. 16, வெள்ளி
சுகந்தி குச்சவெளியில் அக்கா வீட்டுக்குப் போனாள். பின்னேரம் போன்.
"அத்தான், அக்காட வைஃபையில வரைபடம் இல்லை. கப்பலுக்கு அடிச்சிட்டாங்களாம். சொந்தக்காரரைப் போன் எடுக்கச் சொல்லி நம்பர் போட்டிருக்கு. புதன்கிழமை போட்டதாம்!"
புரொக்சி சேமித்ததை அழித்துவிட்டு வீட்டில் திறந்தேன். அதே அறிவித்தல். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது செவ்வாய்க்கிழமைப் படம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என்னுடையது அவ்வளவும் தாங்கவில்லை.
நம்பர் விடியும்வரை எடுபடவில்லை.

ஜன. 17, சனி
எடுபட்டது. இறந்தவர்களில் தம்பியும். புதன் காலை. கம்பனி அன்றே எடுத்ததாம், அவனுடைய போனுக்கு. வீட்டு நம்பர் என்றும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறான் மடையன். என் தம்பி.
அம்மா விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டார் தூக்கினார்கள்.
மத்தியான பஸ்ஸில் சுகந்தி வந்தாள். அழவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்:
"சாவுத் துடக்கு வீட்டில என்னைப் பொங்க வச்சிட்டீங்கள், என்ன அத்தான்?"
ஓம் என்றேன்.