கண்ணாடிப் பெட்டிக்குள் அண்டா

பிப்ரவரி 4
முழங்கால் வலி. வேறு விசேஷம் இல்லை.
அறுபது வயதில் எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவர் அண்ணி. "தினம் ஒரு வரியாவது எழுதுப்பா, இல்லேன்னா மறந்துடும்" என்பார். எழுத்துதான் மறக்கும். மற்றது ஒன்றும் எனக்கு மறக்காது. பலபேருக்கு என்மேல் அதுதான் கடுப்பு.

பிப்ரவரி 6
பெரியவன் வந்தான், அண்ணியின் மூத்த மகன். முதலில் செண்ட் வாசனை வந்தது, பிறகு அவன் வந்தான். பிரார்த்தனைக் கூடத்துக்கு இப்போது அவன்தான் பொருளாளர்.
"சித்தப்பா, அம்மாவுக்கு நினைவுக் கூட்டம் வச்சிருக்கோம். அம்மாவோட அண்டாவைக் கூடத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறோம். உள்ள லைட்டு வேற."
"லைட்டு எதுக்கு? அண்டாவுக்கு இருட்டுல பயமா?"
சிரிக்கவில்லை. பொருளாளர் ஆனதிலிருந்து பல்லைக்கூடக் கமிட்டியைக் கேட்டுத்தான் காட்டுகிறான்.
அண்ணி இறந்த வாரமே, பாலிஷ் போட வேண்டும் என்று அண்டாவைத் தூக்கிப் போனான். மூன்று மாதம் ஆகிறது. பாலிஷா போட்டான்? வேலைக்கே வேட்டு வைத்தான்.

பிப்ரவரி 7
நேற்று கோபத்தில் பாதியை எழுதாமல் விட்டேன்.
வேலை என்றால் பெரிய வேலை இல்லை. வெந்நீர். விடியுமுன் அண்ணி அடுப்பு மூட்டுவார். நான் அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோவேன். பிளாஸ்க்கும் சொம்புமாக வரிசை நிற்கும். அண்ணி அண்டாவின் குழாயைத் திருகி ஊற்றுவார். "யாரு, என்ன, எந்தக் கூட்டம்" என்று ஒருத்தரைக் கேட்டதில்லை. படுக்கையில் கிடந்த அண்ணனைப் பார்த்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, முப்பது வருஷம்.
பிரார்த்தனையும் அடுப்படியில்தான். "தண்ணி கொதிக்கிற நேரம் போதும்பா கடவுளுக்கு. அதுக்கு மேல பேசுனா அவருக்கே சலிச்சுடும்."
பெரியவன் பிறந்த அன்று ஒரு சொம்பு வெந்நீருக்கு அண்ணன் தெருத்தெருவாக அலைந்தார். அதை அண்ணி அவனிடம் சொன்னதே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9
ஆஸ்பத்திரி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

பிப்ரவரி 12
கூடத்தில் அண்டாவைப் பார்த்தேன். கரியைச் சுரண்டி, நெளிவைத் தட்டி நிமிர்த்தி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று அண்ணி அந்த நெளிவைத் தொட்டுத்தான் பார்ப்பார்.
செயலாளரிடம் கேட்டேன். அவருக்கு நான் வைத்த பேர் மைக். கையில் கிடைத்தால் விடமாட்டார்.
"அண்டாவைக் குடுங்க. வண்டி என்கிட்ட இருக்கு. நான் ஊத்திக்கிறேன்."
"ஐயா, அது இனிமே பாத்திரம் இல்ல. நினைவுச் சின்னம்."
"அப்ப வெந்நீர்?"
"அதெல்லாம் அடுத்த கமிட்டியில பேசுவோம்."
பிள்ளை பெற்றவள் உங்கள் கமிட்டி கூடும்வரை காத்திருப்பாளா? தூ.

பிப்ரவரி 16
கூட்டம்.
மைக் முக்கால் மணி நேரம் பேசினார். அண்ணி 'ஏழைக் குழந்தைகளுக்குப் பால் வார்த்த தாய்'. பாலாம்! வெந்நீர் என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் போல. அண்ணி உயிரோடு இருந்தபோது இந்த ஆள் அந்த வாசல் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டச் சோம்பல் படமாட்டார்கள்.
அப்போது ஒரு அம்மா பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள்.
"வெந்நீர்க்காரம்மா கூட்டம்னு சொன்னாங்க. மறுபடி ஊத்துறாங்களாண்ணே? மக பிள்ளை பெத்திருக்கா."
மைக், மைக்கிலேயே சொன்னார்: "அம்மா, உக்காருங்க. நிகழ்ச்சி முடிஞ்சதும் பிஸ்கட் உண்டு."
அதற்குள் அவள் அண்டாவைப் பார்த்துவிட்டாள். "இந்தா இருக்கே!" என்று கண்ணாடிக்கு நேராகப் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டு நின்றாள். பாவி மனுஷி, நிஜமாகவே நின்றாள்.
நான் எழுந்தேன்.
"டேய் பெரியவனே, நீ பொறந்தன்னிக்கு உங்கப்பன் இப்படித்தான்டா நின்னான். கையில சொம்பு. ஒருத்தன் ஊத்தல. கடைசியில பாத்திரம் தேய்க்கிற ஒரு அம்மாதான் ஊத்துனா. உங்கம்மா ஏன் வெந்நீர் ஊத்துனாங்கன்னு ஒருநாளாவது கேட்டியாடா?"
அவன் தலை தூக்கவில்லை. அந்த அம்மா காலிப் பிளாஸ்க்கோடு போனாள். மைக் அடுத்த ஆளைப் பேசக் கூப்பிட்டார்.

பிப்ரவரி 17
பெரியவன் போன் செய்தான். எடுக்கவில்லை. பொருளாளரோடு எனக்கென்ன பேச்சு?

பிப்ரவரி 19
இருட்டோடு வாசலில் கார். பின்னால் அண்டா, கயிற்றால் கட்டி. செண்ட் வாசனை இல்லை.
"சித்தப்பா, விறகு எங்க இருக்கு?"
கூட வந்த மருமகள், "மாமா, நீங்களே மூட்டுங்க. இவருக்கு காஸ் அடுப்பே பத்தவைக்கத் தெரியாது" என்றாள்.
நான் மூட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூன்று தரம் அணையவிட்டான். ஊதி ஊதிக் கண் சிவந்தான். இவனெல்லாம் ஒரு மகன். ஆனால் தண்ணீர் சூடாகும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
வண்டியை அவன்தான் தள்ளினான். கோணல்மாணலாக.
திரும்பும்போது கூடத்தை எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் லைட் எரிகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. மைக் அதற்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்.
அண்டா அடியில் கரி பிடித்திருக்கிறது. தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.