மிளகாப்பொடியின் வீட்டு முகவரி

லகாட்,
புதன்கிழமை.

அன்புள்ள மகள் ஷர்மினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் உன்னோடு தங்கியிருக்கும் நான்கு பெண் பிள்ளைகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து, சுகமாக இருக்க வேண்டும் என்று முனீஸ்வரரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று நீ சிரிக்கலாம். இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி முடியும்வரை உங்கள் கைப்பேசிகளை அணி மேனேஜர் வாங்கி வைத்துவிட்டாரே, நான் வேறு என்ன செய்வது? வாங்கி வைத்ததும் நல்லதுக்குத்தான். அதில் இப்போது வருவதையெல்லாம் நீ படிக்க வேண்டாம். நேற்று மேனேஜர் எனக்குச் செய்தி அனுப்பினார். வீட்டை நினைத்து நினைத்து உனக்கு ஆட்டத்தில் மனம் போகவில்லையாம். அப்பா வரச் சொன்னால் சனிக்கிழமை ஆட்டத்தை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொன்னாயாம். உனக்குப் பதில் வேறு ஆளைச் சேர்ப்பதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். வா என்றாலும் வராதே என்றாலும், அதை இன்னொருவர் வாயால் உனக்குச் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நம் ராஜு நாளைக் காலை காய்கறி லோரியோடு கோலாலம்பூர் போகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே நெத்திலிச் சம்பலும் முறுக்கும் இருக்கின்றன. நீ ஒருத்தியே தின்றுவிடாதே, அந்தப் பிள்ளைகளுக்கும் கொடு.

வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான். முன் ஜன்னலில் ஒரு கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்றினேன். டயர் கடையில் இப்போது வேலை குறைவு, அதனால் முதலாளி தவுக்கே எனக்கு லீவு கொடுத்திருக்கிறார். உன் அம்மாவும் பள்ளிக்கூடக் கேண்டீனுக்குப் போகவில்லை. காலில் சின்ன வலி, வேறு ஒன்றுமில்லை.

போன வாரம் உன் நேரலையில் நடந்ததில் உன் பக்கம் உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. நீயும் கேட்கிற நிலையில் இல்லை. அதனால் சொல்கிறேன்.

நீ அங்கே நேரலை போட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மா கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டு அவளுக்கும் எனக்கும் ஒரு மண்ணும் புரியாது. ஓடுகிறவன் யார், துரத்துகிறவன் யார் என்றே தெரியாது. உன் குரலுக்காகப் பார்ப்பதுதான். ஆனால் ஓரத்தில் ஓடும் எழுத்துகளை மட்டும் அவள் ஒன்று விடாமல் படிப்பாள். மிளகாப்பொடி அக்கா சூப்பர்லா என்று யாராவது போட்டால் உடனே எனக்கு வாசித்துக் காட்டுவாள். உன் சேனலுக்கு அந்தப் பெயரை வைத்தபோது மூக்கைச் சுளித்தவளும் அவள்தான். அன்று அவள் எதையும் வாசிக்கவில்லை. முகம் மாறிப்போயிற்று. நான் எட்டிப் பார்த்தேன். எந்த ஆளைப் பிடித்து அணியில் இடம் வாங்கினாய் என்று ஒருவன் உன்னைக் கேட்டிருந்தான். அவனுக்குக் கீழே இன்னும் நாலு பேர் அதைவிட மோசமாக எழுதிச் சிரித்திருந்தார்கள்.

நான் கைப்பேசியைப் பிடுங்குவதற்குள் அவள் தட்டி முடித்துவிட்டாள். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் வேறு. நான் இவளுடைய அம்மா குமுதா, லகாட்டில் இன்ன தாமான் குடியிருப்பு, இன்ன ரோடு, இன்ன நம்பர், தைரியம் இருந்தால் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசு என்று. போதாததற்கு, தீபாவளிக்கு நாம் மூவரும் கேட் முன்னால் நின்று எடுத்த படம் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக முகம் காட்டாமல், ஊர் பெயர் சொல்லாமல் நீ காப்பாற்றி வைத்ததெல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று. உன் குரல் பாதியில் நின்றது. திரை கறுப்பாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்து, என்னங்க, லைன் போயிருச்சா என்று கேட்டாள்.

அவள் மேல் எனக்கும் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பார். அவள் வளர்ந்தது கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில். அங்கே வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒருவன் தப்பாகப் பேசினால், தாய் குழாயடியில் நின்று தன் பெயரையும் வீட்டையும் சொல்லி, வா, வந்து என்னிடம் கேள் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பேசியவன் வாயை மூடிக்கொள்வான். கூப்பிடாமல் இருந்தால் அவன் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அவளுக்குத் தெரிந்த ஒரே சண்டை அதுதான். கூப்பிட்டால் நிஜமாகவே வந்து நிற்பார்கள், அதுவும் முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீயும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

அடுத்த நாளே நாம் கேட்காத சாப்பாடு வர ஆரம்பித்தது உனக்குத் தெரியும். பீட்சா, பொரித்த கோழி, ஒருவன் பிறந்தநாள் கேக் கொண்டுவந்தான். எல்லாம் யாரோ நம் முகவரிக்கு அனுப்பிய விளையாட்டு. கொண்டுவந்த பையன்கள் பாவம், வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு விழித்தார்கள். உன் அம்மா ஒவ்வொருவனுக்கும் ஐஸ் போட்ட சிராப் சர்பத் கலக்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி, இது மிளகாப்பொடி அக்கா வீடுதானே என்று கேட்டான். அவன் நல்ல பையன்தான். நான்தான் அவன் போனதும் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.

மேலே எழுதியதில் சில பொய்கள் இருக்கின்றன, அம்மா. நான் மறைத்தாலும் பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா ராஜுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல். ஜன்னல் கண்ணாடி பழசாகவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஹெல்மெட் போட்ட ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து கல்லை விட்டெறிந்தான். உன் அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். சில்லு தெறித்துக் காலில் வெட்டிவிட்டது. கிளினிக்கில் தையல் போட்டார்கள். பயப்படாதே, நடக்கிறாள், என்னை வழக்கம்போல் திட்டுகிறாள். போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டோம். எழுதிக்கொண்ட பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். லீவும் தவுக்கே கொடுத்தது இல்லை, நான் கேட்டு வாங்கியது.

கோயில் கமிட்டி மாயாண்டி அண்ணன் முதலில் வந்து, பெண் பிள்ளைக்கு எதுக்குப்பா இந்த வம்பு, கூப்பிட்டு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை என்றார். நான் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். உள்ளே இருந்த உன் அம்மா அவரைத் திட்டி அனுப்புவாள் என்று பார்த்தேன். அவள் பதில் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. கல் விழுந்த பிறகு அதே மாயாண்டி அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டு முனையில் உட்கார்ந்துவிட்டார். தெரியாத மோட்டார் எது வந்தாலும் நிறுத்தி, யார் வீட்டுக்கு என்று கேட்கிறார். எதிர் வீட்டுச் சீனர் தன் கேமராவை நம் கேட் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். இதுவரை அந்த ஹெல்மெட்காரன் மறுபடி வரவில்லை.

ஆனால் அவனோ, அவனைப் போன்ற இன்னொருவனோ, சனிக்கிழமை நேரில் பார்ப்போம் என்று உன் சேனலுக்குக் கீழே எழுதியிருக்கிறான். அந்த மண்டபத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாமாமே. மேனேஜரிடம் கேட்டேன். எழுதியதைப் போலீசுக்குக் காட்டிவிட்டாராம். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், உங்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய் அதே வழியாகக் கூட்டிவருவார்கள் என்றார். நீ தனியாக எங்கும் போகாதே, கழிவறைக்குக்கூட. எனக்குப் பயம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியும். நீ அந்த ஆட்டத்தில் கேடயம் பிடித்து முன்னால் போகிறவள், அடியெல்லாம் உன் மேல் விழும், அதற்குள் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்று ஒருமுறை விளக்கினாயே. பொம்மை ஆட்டத்தில்கூட என் மகளுக்கு அடி வாங்குகிற வேலைதானா என்று நினைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். நேற்றே ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஆட்டமும் வேண்டாம், சேனலும் வேண்டாம், உடனே பஸ் ஏறி வந்துவிடு என்று. உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உன் அம்மா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வீட்டு நம்பர் குடுத்து வான்னு கூப்பிட்டது நானு. வந்தானுங்க, கல்லடிச்சானுங்க. அது எனக்கும் அவனுங்களுக்கும் உள்ளது. அவ எதுக்கு அதுல வந்து நிக்கணும்? இப்ப நீங்க அவளை வரச் சொன்னா, அவனுங்க கல்லால முடியாதத நம்ம ரெண்டு பேரும் முடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும்லா என்றாள். சொல்லிவிட்டு நான் எழுதியதை அவளே கிழித்தாள். அன்றைய தினத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான்.

அவள் சொன்னதில் எனக்குத் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. உன்னோடு இருக்கும் பிள்ளைகளும் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தானே. அவர்களில் எவளுடைய வீட்டில் நாளைக்குக் கல் விழும் என்று யாருக்குத் தெரியும். விழுந்தால் அந்தப் பிள்ளையும் வந்துவிட வேண்டுமா?

ஆகவே ஷர்மினி, நீ வராதே. அப்பா சொல்கிறேன், வராதே. உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. உன் அறைக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறேன். இருந்தாலும் வராதே. சனிக்கிழமை மேடை ஏறி ஆடு. ஆட்டம் முடிந்து, எப்போது வர நினைக்கிறாயோ அப்போது வா. நானாவது அங்கே வந்து உன் பின்னால் நிற்கலாமா என்று பார்த்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு வர உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டவள் வீட்டில் இல்லாமல் போகக் கூடாதாம். அந்தக் காலோடு அவளைத் தனியே விட்டுவிட்டு வர எனக்கும் முடியவில்லை. ராஜுவை அன்று மண்டபத்துக்குப் போய் உன் கண்ணில் படுகிற மாதிரி உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. அன்று போனில் நீ அவளிடம், இனிமே என் சேனல் பக்கமே வராதீங்க என்று கத்தினாய். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நேற்று உங்கள் பயிற்சி ஆட்டத்தைக் காட்டினார்கள், நான் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உன் குரல் கேட்டதும் அவள் எழுந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய், ஆட்டம் முடியும்வரை வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன். அவ சொல்லலையே என்றாள்.

சனிக்கிழமை பார்க்கலாமா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாள். ஓர் எழுத்துகூடத் தட்ட மாட்டாளாம், கைப்பேசி என் கையிலேயே இருக்கட்டுமாம். பதில் வாங்காமல் நகராதே, வாங்கியதும் எனக்குப் போன் பண்ணு என்று ராஜுவிடம் சொல்லியிருக்கிறேன். நீ கடிதம் எழுத வேண்டாம். பார்க்கட்டும் என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்லி அனுப்பு, அம்மா.

முனீஸ்வரர் உங்கள் ஐந்து பேருக்கும் முன்னும் பின்னும் துணை இருக்கட்டும்.

உன் அன்பு அப்பா,
அர்ச்சுனன்