மண்ணில் இரண்டு அரிசி

அம்மணிக்கு,

நாம் பேசாமலிருக்கும் எட்டாவது நாள் இன்று. எழுதுவது பேசுவதில் சேராது என்பதால் எழுதுகிறேன். நீ சமைத்ததில் உன் பங்கை மேசையில் மூடிவைத்திருக்கிறேன். சாவி ஆணியில்.

ஹாலில் உள்ள பெரிய இலைச் செடி வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும், வீட்டுக்குள்ளேயே பூக்கும் என்றுதான் நர்சரிக்காரர் கொடுத்தார். நீயோ அன்றைய சண்டையில், "யானைக் காது மாதிரி இலையை வச்சுக்கிட்டு வழியை அடைக்குது. இதுவா நானான்னு பாத்துக்குங்க" என்றாய். இப்போது மூன்று இலைகள் மஞ்சள். முதல் மொட்டும் தலை தொங்குகிறது.

நீ அதைப் பட்டினி போடுகிறாய் என்று நினைத்து, தினமும் காலையில் ஒரு பிரார்த்தனையும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்துவந்தேன். இன்று பார்த்தால் தொட்டியின் அடித்தட்டு நிறையத் தண்ணீர், மேல்மண்ணில் இரண்டு அரிசி. இந்த வீட்டில் அரிசி களைவது நானில்லை. இலைகளில் தூசியும் இல்லை; துடைத்தது நானில்லை. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவனுக்கு, நீயும் தண்ணீர் ஊற்றுவது தெரியவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் நம் இருவர் கருணையிலும் வேர் அழுகிவிடும். தட்டில் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டேன். மண் காயும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். அதன்பிறகு, ஊற்றும் முன் "தண்ணி ஊத்தியாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும். மொட்டைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

கடைக்குக் கிளம்புகிறேன். ஆறு மணிக்கு வருவேன்.

பி.கு. அந்த இரண்டு அரிசியையும் ஜன்னலில் குருவிக்கு வைத்துவிட்டேன்.

இன்னொன்று: கேள்வியைச் செடியிடம்தான் கேட்பேன், உன் பிடிவாதத்துக்குப் பங்கம் வராது. பதிலை மட்டும் நீ சொல்லிவிடு.