அன்லிமிடெட்டில் வைத்த பேர்

தண்டையார்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாயாவுக்கும், மாப்பிள்ளை அறிவுக்கும், மூணில் ரெண்டு பங்கு மட்டும் பேர் வைக்கப்பட்ட என் பேத்திக்கும் அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், நம்ம பிளாக்கில் படுத்த படுக்கையாகக் கிடப்பது லிஃப்ட் ஒன்றுதான். அங்கே நியூசிலாந்து குளிர் உங்கள் மூணு பேர் பக்கமும் வராமல் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து பயப்படாதே, இத்தனை வருஷம் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின கை, பேனாவையும் பெட்டி தூக்குகிற மாதிரிதான் தூக்குகிறது. போன் இருக்கும்போது இந்த ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. நம்ம சௌக்கத் அலி பாய் பொண்ணு உஸ்மா மேல்படிப்புக்கு உங்கள் ஊருக்கு வருகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஏன் போனில் சொல்லாமல் பேப்பரில் அனுப்புகிறேன் என்றால் அது என் புத்திசாலித்தனத்தால் வந்த வினை, பேர் வைத்த அன்றைக்கு உங்களுக்குப் பாதிதான் தெரிந்தது, மீதியை நானே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

டோல்கேட்டில் மெட்ரோ படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் குடை, அந்தப் பக்கம் ஒரு பச்சைக் குடை, ரெண்டு சிம் கம்பெனிக்காரர்களும் எதிரும் புதிருமாகக் கடை போட்டிருக்கிறார்கள். மஞ்சள் குடையில் ஆன்சி என்று ஒரு பொண்ணு, காசிமேட்டுக்காரி, மைக்கே தேவையில்லாத தொண்டை, அதிலும் மைக் வேறு வைத்திருக்கிறாள். பச்சைக் குடையில் ஒவைஸ், எதிர்க்கடைக்காரியைப் பார்த்துக்கொண்டே சிம் விற்கிறவன். கொஞ்ச நாள் முன்னாடி எல்லாக் கம்பெனியும் கூடிப் பேசிக்கொண்ட மாதிரி ஒரே நேரத்தில் ரேட்டை ஏற்றினார்களே, இப்போது மறுபடி அடித்துக்கொள்கிறார்கள். இவள் அன்லிமிடெட் என்றால் அவன் அன்லிமிடெட்டோடு பாட்டு இலவசம் என்கிறான், அவன் பாட்டு என்றால் இவள் பக்கெட் என்கிறாள். இந்தச் சண்டையில் குளிர் காய்கிறவன் உன் அப்பன். நம்பர் அதேதான், கம்பெனியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பேன், உனக்குத்தான் தெரியுமே. யார்டில் எனக்குக் கட்சி மாறி என்றே பேர் வைத்துவிட்டார்கள். பச்சையில் இருந்து ஒரு டிபன் பாக்ஸ், மஞ்சளுக்கு வந்து ஒரு பக்கெட், நம்ம பாத்ரூமில் இப்போது குளிக்க இடம் இல்லை, பக்கெட்தான் இருக்கிறது. கடைசியாக மஞ்சளுக்குத் தாவின அன்றைக்கு ஆன்சி என்னிடம் தெளிவாகத்தான் சொன்னாளாம், நைனா, போன் மேல 5ன்னு காட்டுனாதான் அன்லிமிடெட்டு, 4ன்னு காட்டுச்சுன்னா தெனத்துக்கும் அளவுதான், அது தீந்துச்சுனா சக்கரம் சுத்திகினு கெடக்கும், நல்லா காதுல வாங்கிக்கோ என்று. நான் காதில் வாங்கவில்லை, பக்கெட்டுக்கு மூடி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டேனா. ஊர் முழுக்க அன்லிமிடெட், அன்லிமிடெட் என்று தம்பட்டம் அடித்தேன். பேர் வைக்கிற அன்றைக்கு நம்ம வூட்டுக்கு வாங்க, எவனும் நெட்டு போட வேணாம், எல்லாருக்கும் என் போன்ல இருந்தே வுடுறேன் என்று புளியந்தோப்பு சொந்தம், பெரம்பூர் சொந்தம் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். கல்யாணத்துக்குச் சாப்பாடு போடுகிறவன் மாதிரி ஒரு மிதப்பு. அவர்களும் என்னை நம்பி ஒருத்தரும் ரீசார்ஜ் செய்யவில்லை. இந்தக் குடும்பத்தில் என்னை நம்பி எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை, பார் எங்கே போய் முடிந்தது.

மாயா, அந்த நாளுக்கு நான் எப்படிக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அங்கே வந்து பிள்ளையைத் தூக்குகிறதுக்கு இப்போதைக்கு வழி இல்லை. பத்தியச் சாப்பாடு சொல்லிக்கொடுக்க, குளிப்பாட்டச் சொல்லிக்கொடுக்க உன் அம்மா இருக்கிறாள், தினமும் உன்னோடு பேசுகிறாள். எனக்கு என்று இருந்த ஒரே வேலை, காதில் மூணு தடவை பேர் சொல்வது. அதுவும் முறைப்படி மாப்பிள்ளை வீட்டு உரிமை, சம்பந்தி பெரிய மனசு பண்ணி, தாத்தா என்றால் எல்லாரும் தாத்தாதானே, மாயா அப்பாவே சொல்லட்டும் என்று விட்டுக்கொடுத்தார். நீங்கள் யசோதரா என்று பேர் சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம், அதே சமயம் வாயில் நுழையவேண்டுமே என்று பயம். ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகினேன். பெட்டி இறக்க வந்த லாரி டிரைவர் ஒருத்தன், இன்னா பெருசு, சாமி வந்துச்சா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்குக் காலையில் புத்தர் படத்துக்கு உன் அம்மா மல்லிப்பூ போட்டு விளக்கேற்றி, கேசரி கிண்டி, வீடு கொள்ளாத ஜனம். உங்களுக்குச் சாயங்காலம் ஆகட்டும் என்று காத்திருந்த நேரத்தில் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா, பிள்ளைகள் பொம்மைப் படம், பெரியவர்கள் ஆளுக்கொரு ரீல்ஸ், நம்ம கெங்கம்மா அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து விட்டுப்போன சீரியல் அத்தனையும் முதலில் இருந்து. எல்லாம் என் போனில் இருந்து போகிற நெட்டு. நான் நடுவில் மாப்பிள்ளை மாதிரி புது வேட்டியில் நின்றுகொண்டு, பாருங்க பாருங்க, அன்லிமிடெட்டு, தீராது என்றேன். போன் மேலே 4 என்று இருந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் மணி என்று நினைத்திருப்பேன். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், நீ பிள்ளையைத் தூக்கிப் போன் கிட்டே கொண்டு வந்தாய், நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குனிந்தேன், சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. எங்களுக்குக் கடைசியாகத் தெரிந்தது கொட்டாவி விடுகிற மாப்பிள்ளை, வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றார், கெங்கம்மா அத்தை, இன்னாடா தம்பி, மாப்ளைக்கு இன்னா ஆச்சு என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

வேற போன்ல போடு என்றாள் உன் அம்மா. எந்தப் போனில். வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள், ஒருத்தர் போனிலும் நெட்டு இல்லை, அத்தனை பேரும் அன்லிமிடெட் சின்னப்பையனை, உன் அப்பனை, நம்பி வந்தவர்கள். நல்ல நேரம் வேறு போய்க்கொண்டே இருக்கிறது என்று உன் அம்மா காலண்டரைப் பார்க்கிறாள். எனக்கு அப்போதுதான் பக்கெட்டுக்கு மூடி கேட்ட நேரத்தில் ஆன்சி சொன்னது ஞாபகம் வந்தது, 5 கிடைத்தால் தப்பித்தேன், அது ரோட்டில்தான் கிடைக்கும். போனைக் கற்பூரத் தட்டு மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினேன். லிஃப்ட் இல்லை, படியில் வேட்டி தடுக்குகிறது, பின்னாலேயே கேசரிக் கிண்ணத்தோடு மொத்தச் சொந்தமும். டோல்கேட் ரோட்டில் கால் வைத்ததும் 5 வந்தது பார், யார்டில் போனஸ் போட்டபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. மஞ்சள் குடைக்குக் கீழே நின்று உன்னைக் கூப்பிட்டேன், பிள்ளை முகம் வந்தது, யசோதரா என்றேன். கேட்டுச்சுப்பா என்றாய். ஆன்சி மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

அதற்குள் ஹார்பர் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று சிக்னலுக்காக என் பக்கத்தில் சுவர் மாதிரி வந்து நின்றது, 5 போய் மறுபடி 4. எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒவைஸ் கத்துகிறான், இன்னா மாமு, பக்கெட்டுக்கு ஆசப்பட்டு போனீயே, இந்தாண்ட வா, நம்ம நெட்ட போட்டுக் குடுக்குறேன் என்று. வெட்கம் மானம் பார்க்கிற நேரமா, நடு ரோட்டிலேயே கட்சி மாறினேன். பச்சைக் குடைக்குக் கீழே ரெண்டாவது தடவை சொன்னேன், அதுவும் கேட்டது என்று மாப்பிள்ளையே சொன்னார். அங்கேதான் வந்தது சண்டை. ஆன்சி ஓடி வந்து, ஆள் எங்க கஸ்டமரு, மூணாவது எங்க நெட்லதான் சொல்லணும் என்கிறாள், ஒவைஸ், ஒண்ணு ஒண்ணு சமம், மூணாவது ஃபைனல், அது நம்மளோடது என்கிறான். கெங்கம்மா அத்தை ரெண்டு பேர் வாயிலும் கேசரியைத் திணித்தாள். நாங்கள் இப்படி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறோம், பச்சை விளக்கு விழுந்துவிட்டது, பின்னால் நின்ற லாரிக்காரன் எத்தனை நேரம்தான் பொறுப்பான். நான் குனிந்து மூணாவது தடவை வாயைத் திறந்தேன், அவன் ஹாரனை அழுத்தினான். ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும். நீ போனைப் பிள்ளை காதில் இருந்து எடுத்ததும், பிள்ளை வீல் என்று அழுததும், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் தெரிந்தது. நானும் சிரித்தேன். ஆனால் நல்ல நேரம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் போனார்கள், பேத்தி முழுப் பேர் யசோதரா யசோதரா பாம்பாம் என்று கெங்கம்மா அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். டோல்கேட்டில் இன்னும் மோசம், ஆன்சி மைக்கில், நியூசிலாந்து பேத்திக்கு முதல்ல பேரு வச்சது எங்க நெட்டு என்கிறாள், எதிரில் ஒவைஸ், ரெண்டாவதும் தெளிவா வச்சது எங்க நெட்டு என்கிறான். சிம் நன்றாக விற்கிறதாம், ரெண்டு பேரும் எனக்கு டீ வாங்கித் தருகிறார்கள், எதிரும் புதிருமாக இருந்தவர்கள் இப்போது ஒரே டீக்கடையில் நின்று எனக்காகச் சண்டை போடுகிறார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உனக்குத் தெரியும், அவள் திட்டினால் பயமில்லை, திட்டாவிட்டால்தான் பயம். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், மூணாவது உன் வாயால போய்ச் சேரல, அந்த லாரிக்காரன் வாயாலதான் போச்சு என்று. மறுநாள் போனில் நீ, இன்னொரு தடவை கூப்பிட்டுச் சொல்லிடுப்பா, அதுக்கென்ன என்றாய். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கே மனசு ஒப்பவில்லை. நான் சொல்கிற நேரம் 5 இருக்குமா 4 இருக்குமா, எந்த லாரி வருமோ, பாதியில் நின்றால் அதையும் கணக்கில் சேர்ப்பதா என்று. அப்போதுதான் உஸ்மா புறப்படுகிற சேதி வந்தது.

உஸ்மாவிடம் உன் அம்மா வஞ்சிரக் கருவாடு கொடுக்கப் பார்த்தாள். அந்தப் பொண்ணு கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது, அத்தை, அங்க ஏர்போர்ட்ல நாய் மோந்து பாக்கும், என்னை அப்படியே திருப்பி அனுப்பிடுவான் என்று. அதனால் கருவாடு இல்லை. பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், நம்ம பழைய பருத்திப் புடவையில் உன் அம்மா தைத்த துணிகள் ரெண்டு மூணு, இந்தக் கடிதம், இவ்வளவுதான். உஸ்மா புது ஊருக்கு வருகிறவள், ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறாரச் சோறு போடு. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிற உடம்பு. மாப்பிள்ளை பால்பவுடர் ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறாராமே, பாவம், அந்தக் கொட்டாவிக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது, அவரைக் கொஞ்சம் தூங்க விடு. நம்ம ஆட்கள் அனுப்பும் மருந்து, லேகியம் என்று எது வந்தாலும் அங்கே டாக்டரைக் கேட்காமல் பிள்ளை வாயில் வைக்காதே, அது உன் அம்மா அனுப்பினதாக இருந்தாலும். இதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நான் இனிமேல் கம்பெனி மாறமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்துவிட்டேன், ஒரு தடவை மாறினால் மூணு மாசம் வரைக்கும் எப்படியும் மாறவும் முடியாது, அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு என்னை மாதிரி பேசிக் காட்ட வருமே, யார்டு ஆட்கள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் முன்னாடியே என் மாதிரி இருமி, என் மாதிரி இழுத்துப் பேசி என் மானத்தை வாங்குவாயே, அதைத்தான் இப்போது செய்யச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கிற போனை எல்லாம் அணைத்துவிடு. பிள்ளை பால் குடித்துவிட்டு நல்லபடியாக இருக்கிற நேரமாகப் பார்த்துத் தோளில் போட்டுக்கொள். முதலில் நான் கனைக்கிற மாதிரி ஒரு கனைப்பு, அது இல்லாவிட்டால் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும். அப்புறம் காது கிட்டே போய், அவசரப்படாமல், உன் அப்பன் குரலில், கீழே எழுதியிருப்பதை ஒரே ஒரு தடவை சொல். ஹாரன் அடிக்க அங்கே ஆள் இல்லை.

நீங்கள் மூணு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட ஆயுசோடு வாழவேண்டும். அரைஞாணை இறுக்கிக் கட்டாதே, ரெண்டு விரல் நுழைகிற மாதிரி விடு. அவள் திரும்பிப் பார்த்தாளா என்று மட்டும் மறக்காமல் சொல்.

இப்படிக்கு உன் அப்பா,
அவள் தாத்தா,
சின்னப்பையன்

இந்தா, மூணாவது:

யசோதரா