கப்பல் போய் சோப்பு டப்பா வந்தது

பிப்ரவரி 10, திங்கள்

என் வண்ணமீன் கடையில் பெரிய தொட்டியின் ஃபில்டர் மறுபடி மக்கர். கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு நத்தை குடும்பமே நடத்திக்கொண்டிருக்கிறது. அதைக் காலி செய்ய வைத்து, மோட்டாரைக் கழுவி மாட்டுவதற்குள் சட்டை முழுக்கப் பாசி வாடை. அந்த வாடையோடுதான் சாயங்காலம் மனைவியைக் கூட்டிவர அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனேன்.

காரில் ஏறியவள் மூக்கைப் பொத்தவில்லை. திட்டவும் இல்லை. ஏதோ விஷயம் இருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது.

"புதுக் கிளைக்கு என்னையப் பொறுப்பாப் போடறாங்களாம்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியை ஒட்டித் திறக்கப்போகிறார்களே, அந்தக் கிளை. இத்தனை வருஷம் அடுத்தவர் பொறுப்பில் மருந்து எடுத்துக் கொடுத்தவள். எனக்குச் சந்தோஷத்தில் ஹார்ன் அடிக்கத் தோன்றியது. அடித்தேன். முன்னால் போனவன் திரும்பி முறைத்தான்.

"இருங்க. விடியறதுக்கு முன்னாடி கடை திறக்கணும். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. நானே வண்டி ஓட்டிட்டு வர முடியுமான்னு கேக்கறாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதி திறப்பு. முடியாதுன்னா வேற ஆளு."

"நான் கொண்டு விடறேன், போதுமா?"

"ரெண்டு நாள் விடுவீங்க. மூணாம் நாள், இன்னைக்கு லீவு போடேன்னு போர்வைக்குள்ளேருந்து சொல்லுவீங்க."

உண்மைதானே.

இவள் லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இரண்டு தடவையும் ரிவர்ஸில் நிறுத்துகிற இடத்தில். நம் கார் அவ்வளவு பெரிசு, கப்பல் என்றுதான் கூப்பிடுவோம். முன்னால் எங்கே முடிகிறது, பின்னால் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

பிப்ரவரி 11

கப்பலை விற்றுவிடுவதாம். கப்பலை! யார் கொடுத்த யோசனை என்றேன். மகளாம். ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டே குடும்பத்தைக் கவிழ்க்கிறாள்.

பிப்ரவரி 13

போனில் மகளைப் பிடித்துக் கேட்டேன். "தொட்டியெல்லாம் எதுல ஏத்தறது? உன் தலையிலயா?"

"அப்பா, கடைசியா எப்ப அதுல தொட்டி ஏத்தின?"

யோசித்தேன். இப்போதெல்லாம் கண்ணாடித் தொட்டி செய்கிறவரே தன் வேனில் நேராக வாடிக்கையாளர் வீட்டில் இறக்கிவிடுகிறார். நான் கொண்டுபோவது மீன், குழாய், கொஞ்சம் கூழாங்கல். ஒரு கூடைக்குள் அடங்கிவிடும்.

"போன வருஷம்" என்று புளுகினேன். பக்கத்தில் நின்ற இவள் சிரித்த சிரிப்பு போனில் அங்கே வரை கேட்டிருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்று பேரும் ஷோரூமுக்குப் போய்ப் புதுக் கார் பார்த்தோம் — மூன்றாவது ஆள் என் மச்சினன், இவளுடைய தம்பி. கூப்பிடாமலே வந்தான். ஊரில் யார் கார் வாங்கினாலும் டயரை உதைத்துப் பார்ப்பது அவன் பொறுப்பு.

சின்ன ஹைப்ரிட். பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. பிரேக் போடும்போது தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமாம். விற்பனைப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நான் பார்த்தது இவளைத்தான். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, எட்டிப் பார்க்காமலே முன்பக்கம் முழுதும் தெரிகிறது என்று கண்டுபிடித்தாள். முகம் அப்படி மலர்ந்துபோனது.

அதற்குமேல் நான் என்ன பேச?

பிப்ரவரி 22, சனி

கப்பல் போய்விட்டது. வாங்கியவர் கேட்டரிங் நடத்துகிறார், அண்டா ஏற்றுவாராம். நல்லவேளை, அவர் ஓட்டிக்கொண்டு போகும்போது தூறல். முகத்தைத் துடைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சோப்பு டப்பா வந்து இறங்கியது. புதுக் காருக்கு அந்தப் பெயர் நான் வைத்தது. இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மச்சினன் கையில் பெரிய பார்சலோடு வந்தான். பிரித்தால், நீள வயரோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

"எதுக்குடா இது?"

"சார்ஜ் போட வேணாமா மாமா? ஹால்லேருந்து வாசல் வரைக்கும் எட்டும். அளந்துட்டுத்தான் வாங்கினேன்."

அன்றைக்கு ஷோரூமில் என்னைவிட பலமாகத் தலையாட்டியவன் இவன். இதற்கு சார்ஜே போட வேண்டாம் என்று இவள் விளக்கியதும் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப மீன் தொட்டிக்கு வெச்சுக்கங்க" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 26

மானம் போயிற்று. கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன், இறங்கினேன், உள்ளே போனேன். எஞ்சின் சத்தம் இல்லை, அதனால் அணைத்துவிட்டேன் என்று நினைப்பு. ஏதோ கீ கீ என்று கத்தியது. யார் வண்டியோ என்று விட்டுவிட்டேன். மீனுக்குக் குருணைத் தீனி போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே 'விர்ர்ர்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால் உள்ளே ஆளே இல்லாமல் என் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. மீன் வாங்க வந்த பெரியவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பேட்டரி குறைந்தால் அதுவே எஞ்சினைப் போட்டுக்கொள்ளுமாம். முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? விற்பனைப் பெண் சொன்னாளாம். நான்தான் கேட்கவில்லையாம்.

மார்ச் 3

இவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அதாவது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்துகிறேன். "பிரேக்! பிரேக்கு!" என் வலது கால் தரையை அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் மிதியடி தேய்ந்துவிட்டது.

நேராகப் போவதெல்லாம் அருமை. ரிவர்ஸில் நிறுத்தச் சொன்னால் போதும், ஸ்டியரிங்கைக் கன்னாபின்னாவென்று சுற்றுகிறாள்.

"நீங்க ஒடி ஒடிங்கறீங்க. எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேங்கறீங்க."

"கைய ஆட்டிக் காட்டறேனே!"

"நான் ரோட்டப் பாப்பனா, உங்க கையப் பாப்பனா?"

மார்ச் 8

நாலு தடவை முயற்சி. நாலு தடவையும் கோணல். இவள் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். நான் சோப்பு டப்பாவில் பின்னாலேயே மெதுவாக, பேட்டரியிலேயே, சத்தமில்லாமல் வந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டு வாசலில் வைத்துத்தான் பார்த்து அலறினாள். "பூனை மாதிரி வர்றீங்களே!"

மார்ச் 12

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இவள் பாஸ் ஆகவேண்டும் என்று வாய் சொல்கிறது. மனசில் ஒரு மூலை, ஆகாவிட்டால் என்ன என்கிறது.

என்ன ஜென்மம் நான்! ஆனால் யோசித்துப் பார். வீட்டில் நாங்கள் பேசுகிறோமா? உப்பு குறைச்சல், கேஸ் தீர்ந்துபோச்சு, அந்த லைட்டை அணைங்க. அவ்வளவுதான். பேச்சு என்று ஒன்று நடந்ததெல்லாம் காரில். காலையில் இவளைக் கொண்டு விடும்போது, சாயங்காலம் கூட்டி வரும்போது. மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று முடிவானது காரில். தன் அப்பா இறந்தபோது இவள் அழுது தீர்த்தது காரில். கடையைப் பெரிசாக்கலாம், பயப்படாதீங்க என்று இவள் சொன்னது சிக்னலில்.

இனி இவள் தானே போவாள், தானே வருவாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? மீனோடா பேச முடியும்? பேசுகிறேன்தான். பதில் வராதே.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

பல் டாக்டரின் காத்திருப்பு அறைத் தொட்டிக்கு ஏஞ்சல் மீன் கொண்டுபோக வேண்டும். மீனைத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் நிரப்பிய பைகளில் கட்டி, தெர்மாகோல் பெட்டிகளில் வைத்து, பின் இருக்கையில் அடுக்கினேன். பெட்டி நகரக்கூடாது இல்லையா? ஓரங்களில் பெரிய துண்டுகளை மடித்து இறுக்கமாகத் திணித்தேன். ஈரத் துண்டு, பெட்டிக்கும் குளிர்ச்சி. எத்தனையோ வருஷப் பழக்கம்.

இவள்தான் ஓட்டினாள். பாதி வழி கூட ஆகவில்லை, முன்னால் திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை. பேட்டரிக்குக் குளிர்ச்சி போதவில்லை என்று.

நான் அலறினேன். "வெடிக்கப்போவுது! நிறுத்து! மீன எடுக்கணும்!"

"மொதல்ல நம்மள எடுங்க. கத்தாதீங்க, நிறுத்தறேன்."

நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இருக்கைமேல் மண்டியிட்டு, பின்னால் பாதி உடம்பை நீட்டி, மீன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டி எங்கே போகிறது, என்ன செய்கிறது, ஒன்றும் தெரியாது. நின்றது மட்டும் தெரிந்தது.

சர்வீஸ் சென்டருக்கு இவளே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தது ஒரு பெண் மெக்கானிக்.

"பின் சீட்டு ஓரத்துல ஒரு வலை மாதிரி இருக்கும் பாருங்க மேடம். பேட்டரிக்குக் காத்து அது வழியாத்தான் போகும். அத எதையாவது வெச்சு அடைச்சிருக்கீங்களா?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் துண்டைப் பார்த்தேன்.

"மீன்" என்றேன்.

"சார்?"

"மீன் பெட்டி. துண்டும் கொஞ்சம்."

"குழந்தை பொம்மை, நாய் முடி எல்லாம் பாத்திருக்கேன் சார். மீன் இதுதான் முதல் தடவை. துண்ட எடுத்துட்டு ஆறவிட்டு ஓட்டுங்க. ஒண்ணும் ஆகாது. எதுக்கும் நாளைக்கு ஒருதரம் கொண்டு வந்து காட்டிடுங்க" என்றாள். சிரிப்பை அடக்குகிறது நன்றாகவே தெரிந்தது. அசடு வழிய நன்றி சொன்னேன்.

துண்டை எடுக்கக் கீழே இறங்கினேன். இறங்கினவன் அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. நடுவில் நம் சோப்பு டப்பா. நடைபாதையை ஒட்டி, துளிக்கூடக் கோணல் இல்லாமல்.

"இங்க வா. வந்து பாரேன்."

இவள் இறங்கி வந்து பார்த்தாள். ஒருதரம் சுற்றி வந்து மறுபடி பார்த்தாள். "ஏங்க, இது யாரு நிறுத்தினது?"

"நான் பின் சீட்டுல இல்ல கெடந்தேன்?"

"ரிவர்ஸ் எடுத்தேனா நானு?"

நடுத்தெருவில் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அப்புறம் இவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. நான் கையை ஆட்டாமல் இருந்தால் போதும்.

ஏஞ்சல்கள் நலம்.

மார்ச் 20, வியாழன்

பாஸ்! பாஸ்! பாஸ்!

என்னை மைதானத்துக்கு அந்தக் கோடியில் மரத்தடியில் உட்கார வைத்து, திரும்பி உட்காரச் சொல்லிவிட்டாள். எதையும் பார்க்கவில்லை. தேர்வு எடுத்த அதிகாரி "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றாராம். "பண்ணிட்டேன் சார்" என்றாளாம். அவர் நம்பாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மச்சினனுக்கு, மகளுக்கு, மேல்வீட்டுக்காரிக்கு, எல்லாருக்கும் போன்.

எனக்கும் உண்மையான சந்தோஷம். மனசின் அந்த மூலையில் இருந்தவன் இன்று வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 29

மகளுக்கு விடுமுறை, வந்திருக்கிறாள். அம்மாவும் பெண்ணும் புதுக் கிளை வரைக்கும் ஒத்திகை பார்க்கப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கடைக்கு பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் காதில் ஏதோ மாட்டியிருந்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இருட்டு பிரியும் முன்பே எழுந்து கிளம்பிவிட்டாள். புது வெள்ளைக் கோட்டு, பாக்கெட்டில் பெயர்ப்பட்டை. நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் இருக்கையில் ஏறியாகிவிட்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம்? கடை திறக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. வழியும் காலி. அப்படியென்ன அவசரம் என்னை விட்டுப் போக?

ஆமா, அப்படித்தான் தோணுச்சு. எழுதறதுக்கென்ன வெக்கம். கைய ஆட்டிட்டுப் போயிட்டா. சத்தமே இல்லாமப் போயிட்டா. கப்பலா இருந்தா தெருமுனை வரைக்குமாவது கேட்டிருக்கும்.

காபி போட்டேன். இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"என்ன ஆச்சு? இடிச்சிட்டியா?"

"நல்ல வாய் உங்களுக்கு! வந்து சேந்துட்டேன். பார்க்கிங்ல இருக்கேன். கதவு திறக்க இன்னும் நேரமிருக்கு."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு சீக்கிரம் ஓடின?"

"ஓட்டும்போது எனக்குப் பேச வரல. ரோட்டத்தான் பாக்க முடியுது. அதான் முன்னாடியே வந்து நிறுத்திட்டேன். பேசுங்க."

"என்ன பேசறது?"

"தினமும் யாரு எழுதிக் குடுத்துப் பேசினீங்க? பேசுங்க சும்மா."

என்னென்னவோ பேசினேன். இவளும் பேசினாள். பயமாக இருக்கிறது என்றாள். உன்னைவிட்டால் யார் என்றேன். மகள் தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து, "யாருப்பா போன்ல? அழறியா?" என்றாள். வெங்காயம் நறுக்கவும் இல்லை, என்ன சொல்ல? போடி என்றேன்.

ஏப்ரல் 2

இன்றும் சீக்கிரமாகவே கிளம்பினாள். சண்டை போடவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 14

பெட்ரோல் போடுகிற பையன், "என்ன சார், எங்க பங்க் பக்கமே காணோம்?" என்று பஸ் நிறுத்தத்தில் பார்த்து விசாரித்தான். கப்பல் காலத்தில் அவனுக்கு என் முகம் மனப்பாடம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகளை ஹாஸ்டலில் கொண்டு விட்டோம். போகும்போது அவள் முன்னால், நான் பின்னால் அவளுடைய மூட்டைகளுக்கு நடுவில். அந்த வலையை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொண்டேன். ஹாஸ்டல் வாசலில் மகள் இறங்கினாள். நாங்களும் இறங்கி நின்று கையசைத்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, நேராகப் போய் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷம் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தவன் நான் என்று. இவள் இன்னும் வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுற்றி வந்து ஏறினாள், கண்ணாடியைச் சரி செய்தாள், பொத்தானை அழுத்தினாள். தெரு திரும்பி, பாலம் ஏறி, லாரிகளுக்கு நடுவில் வண்டியை ஒழுங்காக எடுத்துக்கொண்டு போனாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. ஓட்டும்போது தொந்தரவு பண்ணக் கூடாதே.

பாலம் இறங்கியதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ம், அப்புறம்?" என்றாள்.